ஆஸ்திரேலியாவை என்ன செய்யலாம்? ஒரு போர் மேப், ஒரு புகார், ஐந்து வழிகள்

படைகளை நகர்த்தி உலகத்தைப் பிடிக்கும் ரிஸ்க் என்ற பலகை ஆட்டத்தின் பாணியில் ஓர் உலக மேப் வரைந்து, நண்பர்களுக்கோ ஆன்லைனில் முகம் தெரியாதவர்களுக்கோ ஆடக் கொடுத்துப் பாருங்கள். சீக்கிரமே ஒரு புகார் வந்து சேரும்: "ஆஸ்திரேலியா யாருக்குக் கிடைச்சுதோ அவன் ஜெயிச்சான், அவ்வளவுதான்." கூடவே தீர்வையும் அவர்களே எழுதி அனுப்பிவிடுவார்கள்: "போனஸைக் குறைங்க." புகாரை நான் நம்புகிறேன். தீர்வை நம்புவதில்லை. மேப் செய்கிறவர் முன்னால் உண்மையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஆட்டக்காரர்கள் கேட்பது அவற்றில் பலன் குறைந்த ஒன்று.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பர் லாமோரீஸ் உருவாக்கி 1957-இல் பிரான்சில் வெளிவந்தது இது. 1959-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. உலகம் 42 பிரதேசங்களாக, ஆறு கண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். (இந்தியா முழுவதும் ஒரே பிரதேசம். இலங்கையும் நியூசிலாந்தும் தனிப் பிரதேசங்களாகக் கிடையாது.) ஒவ்வொரு டர்னிலும் உங்கள் கையிலுள்ள பிரதேசங்களை மூன்றால் வகுத்து வரும் முழு எண் அளவுக்குப் புதுப் படை கிடைக்கும். எவ்வளவு இளைத்துப்போயிருந்தாலும் 3 நிச்சயம். ஒரு கண்டம் முழுவதும் கைக்கு வந்தால் அதற்கு மேல் போனஸ். ஆஸ்திரேலியாவில் நான்கு பிரதேசங்கள்: இந்தோனேசியா, நியூ கினி, மேற்கு ஆஸ்திரேலியா, கிழக்கு ஆஸ்திரேலியா. போனஸ் 2. வெளியிலிருந்து உள்ளே நுழைய, ஆசியாவிலுள்ள சயாம் வழியாக இந்தோனேசியா என்ற ஒரே வாசல்தான்.

தென் அமெரிக்காவுக்கும் நான்கு பிரதேசங்கள்தான், போனஸும் அதே 2. ஆனால் அதைப் பற்றி யாரும் இப்படிக் கொதிப்பதில்லை. காரணம் எளிது, போனஸைக் காவல் காக்க வேண்டிய வாசல்களால் வகுத்துப் பாருங்கள். தென் அமெரிக்காவுக்கு வெனிசுலா, பிரேசில் என இரண்டு வாசல், ஆக வாசலுக்கு 1 படை. ஆப்பிரிக்காவுக்குப் பெரும்பாலான பதிப்புகளில் மூன்று வாசல், போனஸ் 3, அதுவும் 1. ஐரோப்பாவுக்கு நான்கு வாசல், போனஸ் 5, வாசலுக்கு 1.25. ஆசியாவுக்கு ஐந்து வாசல், போனஸ் 7, அதாவது 1.4. ஆனால் 12 பிரதேசங்களைப் பிடித்து ஒரு சுற்று காப்பாற்றுவது யாருக்கும் வாய்ப்பதில்லை என்பதால் இந்த எண் ஏட்டுச் சுரைக்காய். வட அமெரிக்காவுக்கு மூன்று வாசல், போனஸ் 5, கிட்டத்தட்ட 1.67. ஆஸ்திரேலியாவுக்கு? ஒரே வாசல், 2. பட்டியலிலேயே உயரம் அதுதான். ஆட்டக்காரர்கள் கணக்குப் போடாமலே இதை உணர்ந்திருக்கிறார்கள்.

புகாரைப் பிரித்துப் பார்த்தல்

தீர்வுக்குப் போகும் முன், புகார் சொன்னவரிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். எத்தனை பேர் ஆடினீர்கள்? கார்டு விதி (கார்டுகளை மூன்று மூன்றாகச் செட் சேர்த்துக் கொடுத்துப் படை வாங்கும் விதி) எது? தொடக்கத்திலேயே ஆஸ்திரேலியாவில் யாரிடம் எத்தனை பிரதேசங்கள் இருந்தன? இந்தப் பதில்கள் இல்லாமல் வரும் கருத்தை வைத்து மேப்பில் கை வைக்கக் கூடாது. ஒரே வாக்கியத்தை மூன்று வேறு ஆட்டங்களை ஆடிய மூன்று பேர் மூன்று பொருளில் சொல்லியிருப்பார்கள்.

மூன்று பேர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். குலுக்கிப் பங்கு போட்டால் ஆளுக்கு 14 பிரதேசங்கள். ஆஸ்திரேலியாவின் நான்கும் ஒருவருக்கே விழும் வாய்ப்பு ஆளுக்கு 0.9 சதவீதம், மூவரில் யாருக்காவது விழுவது 2.7 சதவீதம். ஏறக்குறைய 37 ஆட்டங்களுக்கு ஒன்று. அப்படி விழுந்தால் ஆட்டம் கெட்டது உண்மைதான், ஆனால் அது அரிது. இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் புகாரில் எழுதுவதில்லை: நான்கில் மூன்று ஒருவரிடமே இருக்கும் வாய்ப்பு, மூவரையும் சேர்த்தால், 27 சதவீதம். அதாவது நாலு ஆட்டத்தில் ஒன்றுக்கு மேல். அந்த ஆள் முதல் டர்னிலேயே ஒரே ஒரு பிரதேசத்தை அடித்துப் பிடித்தால் போதும், அடுத்த டர்னிலிருந்து போனஸ். தோற்றவரின் நினைவில் தங்குவது "அவனுக்கு ஆஸ்திரேலியா விழுந்தது" என்பதுதான். நடந்ததோ மூன்று விழுந்து நான்காவதை அவர் அடித்து எடுத்தது. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் முதல் சிக்கலைத் தீர்க்கும் வழி இரண்டாவதைத் தொடவே தொடாது.

ஆறு பேர் ஆடினால் ஆளுக்கு 7 பிரதேசங்கள்தான். நான்கும் ஒருவருக்கே விழும் வாய்ப்பு, அறுவரையும் சேர்த்தே, 0.2 சதவீதத்தைத் தொடாது. ஆறு பேர் ஆடிவிட்டு ஒருவர் இதே புகாரைச் சொன்னால் அவர் வேறு எதையோ சொல்கிறார். பெரும்பாலும் "அவன் அங்கே போய் உட்கார்ந்துகொண்டான், யாரும் தொடவில்லை" என்பதுதான் அதன் பொருள். அது மேப்பின் குறையா, மற்ற ஐந்து பேரின் சோம்பலா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து கார்டு. செட் மாற்றும்போது 4, 6, 8, 10, 12, 15, 20 என்று ஏறிக்கொண்டே போகும் விதியில் ஆடினால், ஏழாவது செட் 20 படைகளைக் கொட்டும். ஆஸ்திரேலியாவைப் பத்து டர்ன் கட்டிக் காத்தால்தான் அந்த 20 போனஸாக வரும். அந்த விதியில் ஆடுகிறவரின் ஆஸ்திரேலியாப் புகாரை நான் பாதி மதிப்பில்தான் எடுத்துக்கொள்வேன். கார்டே இல்லாத ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். அங்கே டர்னுக்கு 2 என்பதுதான் எல்லாமே.

சண்டையை முடிவுசெய்யும் பகடையின் அதிர்ஷ்டத்தையும் கழித்துவிட வேண்டும். மூன்று பகடையோடு தாக்கி, எதிரி இரண்டால் காத்தால், தாக்குகிறவர் இரண்டு படையையும் வீழ்த்துவது 37.2 சதவீதம், ஆளுக்கொன்று போவது 33.6, தாக்குகிறவரே இரண்டை இழப்பது 29.3. பத்தில் மூன்று தடவை இரண்டையும் இழப்பது இயல்பு. ஆனால் சயாமிலிருந்து அடிக்கப் போய் அடுத்தடுத்து இரண்டு தடவை அப்படி ஆனவர் மேப்பைத்தான் திட்டுவார். எனக்குப் பிடித்த வழி, தோற்றவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல் ஜெயித்தவரிடமும் "எந்த டர்னில் உனக்கு ஜெயிப்போம் என்று தெரிந்தது?" என்று கேட்பது. ஜெயித்தவர் தானாகக் கருத்து எழுதி அனுப்புவது அபூர்வம். கேட்டால் பெரும்பாலும் நேர்மையாகச் சொல்வார், அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

போனஸைக் குறைப்பது, பிரதேசம் சேர்ப்பது

சரி, புகாரைச் சலித்துவிட்டோம், அதில் உண்மையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கேட்கும் முதல் வழி, போனஸை 2-இலிருந்து 1 ஆக்குவது. கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது, படத்தைத் திரும்ப வரையக்கூட வேண்டாம். அதனாலேயே மேப் செய்கிறவர்களுக்கும் இது பிடிக்கிறது. ஆனால் என்ன மாறுகிறது? 11 பிரதேசம் வரை வைத்திருப்பவருக்கு டர்னுக்கு 3 படை. ஆஸ்திரேலியாவோடு 5 வந்துகொண்டிருந்தது இனி 4 வரும். மற்றவர்களைவிட மூன்றில் இரண்டு பங்கு அதிகமாக இருந்தது மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சுருங்குகிறது. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒற்றை வாசல் அப்படியே இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்தவரை எழுப்ப இப்போதும் யாரும் வரப்போவதில்லை. வருகிறவருக்குக் கிடைக்கும் பரிசும் பாதியாகிவிட்டதே! முன்பு 2 போனஸைப் பிடுங்கச் சண்டைக்குப் போனவர், 1 போனஸுக்காகப் போவாரா? புகார் நின்றுபோகும், ஆட்டமும் அந்த மூலையில் நின்றுபோகும். கூடவே, வாசலுக்கு 1 என்ற கணக்கில் அது தென் அமெரிக்காவுக்குச் சமமாகிவிட்டாலும், மொத்த போனஸில் அதைவிடப் பாதி. நான்கு பிரதேசம் பிடித்து 1 பெறும் கண்டத்தை யார் குறிவைப்பார்கள்?

இரண்டாவது வழி, பிரதேசம் சேர்ப்பது. நியூசிலாந்தைச் சேருங்கள் என்ற கோரிக்கை கேலியாகவும் வரும், உண்மையாகவும் வரும். உலக வரைபடங்களில் தங்களை விட்டுவிடுவது நியூசிலாந்துக்காரர்களின் நிரந்தரக் குறை. 2018-இல் அந்நாட்டுச் சுற்றுலாத் துறை அதையே நகைச்சுவை விளம்பரமாக்கியது, பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னும் அதில் வந்தார். கணக்குப்படி இது மோசமான யோசனை இல்லை. ஐந்து பிரதேசம் ஆனால், மூவர் ஆட்டத்தில் எல்லாம் ஒருவருக்கே விழும் வாய்ப்பு 2.7-இலிருந்து 0.6 சதவீதமாகச் சரிகிறது. மொத்தம் 43 ஆனாலும் மூவருக்கு 14, அறுவருக்கு 7 என்ற பங்கு மாறவில்லை, ஒன்று மிஞ்சும், அவ்வளவே. ஆனால் புதுப் பிரதேசம் வாசலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. பிடிக்கும் செலவு கூடும், காக்கும் செலவு கூடாது. ஒருமுறை பிடித்தவருக்கு மூன்றால் வகுக்கும் கணக்கில் இன்னொரு பத்திரமான பிரதேசம் இலவசம். இரண்டு மணி நேர ஆட்டத்தில் முதல் அரை மணியை இது சரிசெய்கிறது, மீதியைக் கொஞ்சம் மோசமாக்குகிறது.

நியூட்ரல் படை: நல்ல யோசனை, மறைந்திருக்கும் விலை

அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பரிந்துரைப்பது இதை. நான்கில் ஒன்றை, உதாரணமாக நியூ கினியை, தொடக்கத்தில் யாருக்கும் கொடுக்காமல் நியூட்ரல் படையை நிறுத்திவைப்பது. நியூட்ரல் தாக்காது, தன்னைக் காத்துக்கொள்ள மட்டும் செய்யும். குலுக்கலில் கண்டம் முழுவதும் விழுவது இதனால் அடியோடு ஒழிகிறது.

எத்தனை நியூட்ரல் வைப்பது என்பதில்தான் விவாதமே. தாக்குகிறவரிடம் போதிய படை இருப்பதாகக் கொண்டால், 3 நியூட்ரலை வீழ்த்தச் சராசரியாக 2.3 படைகள் செலவாகும். 2 போனஸ் வரும் கண்டத்துக்கு அது ஒரு டர்னில் ஏறக்குறைய திரும்பிவிடும் முதலீடு. ஆகவே 3 வைப்பது வெறும் கண்துடைப்பு. 6 வைத்தால் செலவு கிட்டத்தட்ட 4.9, இரண்டரை டர்ன் போனஸ். இது வலிக்கும். யோசித்துத்தான் இறங்குவார்கள். இதற்கு மேலே போனால் ஆஸ்திரேலியாவை யாருமே தொடாமல், மேப்பின் ஒரு மூலை அலங்காரமாக நிற்கும்.

இந்த வழியின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது. பங்கு போட 42 இருந்தது இப்போது 41. மூவர் ஆட்டத்தில் ஆளுக்கு 14 போய் 13 ஆகிறது. 13-க்கும் 4 படைதான், 14-க்கும் 4 படைதான், வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் முதலில் ஆடுகிறவர் அடுத்தவரிடமிருந்து மூன்று பிரதேசங்களைப் பறித்தால்தான் முன்பு அவரை 11-க்கு இறக்கி, 3 படைக்குத் தள்ள முடிந்தது. இப்போது இரண்டு போதும். ஆஸ்திரேலியாவின் அநியாயத்தைச் சரிசெய்யப் போய், முதலில் ஆடுகிறவருக்கு ஒரு சலுகையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம். அறுவர் ஆட்டத்தில் இன்னும் அலங்கோலம்: 42 என்றால் ஆளுக்குச் சரியாக 7, 41 என்றால் ஆளுக்கு 6 கொடுத்து ஐந்தைச் சும்மா விட வேண்டும், அல்லது ஒருவருக்கு மட்டும் ஒன்று குறைய வேண்டும்.

தொடக்க எண்ணிக்கை மூன்றின் மடங்காக அமைவதுதான் இந்த வகை மேப்புகளில் பலர் விழும் குழி. 42-ஐ இருவருக்கு ஆளுக்கு 21 என்று பிரித்தால் 7 படை. முதல் ஆள் ஒரே ஒரு பிரதேசத்தைப் பிடித்தால் போதும், எதிரி 20-க்கு வந்து 6 படைதான் பெறுவார். ஒண்டிக்கு ஒண்டி ஆட்டத்தில் அந்த ஒரு படையின் பின்னடைவை மீட்பது கடினம். இருவர் ஆட்டத்திலும் மூன்றில் ஒரு பங்கை நியூட்ரலாக விட்டு ஆளுக்கு 14 கொடுக்கும் பழைய வழக்கம் இதையும் கொஞ்சம் ஆற்றிவிடுகிறது. நியூட்ரல் வழியைத் தேர்ந்தெடுப்பவர் இத்தனையையும் திரும்பக் கணக்குப் பார்த்தாக வேண்டும். பரிந்துரைத்தவர் அதைச் செய்திருக்க மாட்டார், அது அவர் வேலையுமில்லை.

ஒன்றும் செய்யாமல் விடுவது

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கக் கூடாது. ஆஸ்திரேலியா முட்டுச்சந்தின் கடைசி வீடு மாதிரி: திருடன் வர ஒரே வழி, நாம் வெளியே போகவும் அதே வழிதான். சயாமில் ஒருவர் கனமாகப் படை குவித்துவிட்டால் உள்ளே இருப்பவர் டர்னுக்கு 5 பெற்று என்ன செய்வது? அவர் வெளியே வந்தாலும் கால் வைப்பது ஆசியாவில், யாராலும் கட்டிக் காக்க முடியாத கண்டத்தில். இதற்குள் வட அமெரிக்காவைப் பிடித்தவர் 5 போனஸோடு தாண்டிப் போயிருப்பார்.

ஆனால் சயாமில் படை குவிக்க ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். டிப்ளோமசி என்ற பலகை ஆட்டத்தில் ரஷ்யா 4 மையங்களோடு (மையத்துக்கு ஒரு படை) தொடங்குகிறது, மற்ற ஆறு நாடுகளுக்கும் மூன்று மூன்றுதான். அது யாரையும் பெரிதாக உறுத்துவதில்லை, ஏனென்றால் அங்கே ஆட்டமே பேச்சுவார்த்தை. ரஷ்யா வளர்ந்தால் அக்கம்பக்கம் கூடிப் பேசிக்கொள்ளும். உங்கள் மேப்பை ஐந்தாறு பேர் பேசிக்கொண்டே ஆடப் போகிறார்கள் என்றால், அதுவும் ஏறும் கார்டு விதியில் என்றால், ஆஸ்திரேலியாவை அப்படியே விடுங்கள். இருவர், மூவர் ஆடுவது அதிகம் என்றால் விடக் கூடாது. இருவர் ஆட்டத்தில் சமன்செய்ய ஆளே இல்லை. மூவரில் சயாமுக்குக் காவலாகப் போகிறவர் மூன்றாமவருக்கு இலவசமாக உழைக்கிறார், அதனால் யாரும் போக மாட்டார்கள்.

இரண்டாவது வாசல்

நான் தேர்ந்தெடுப்பது இதை. "ரொம்பப் பலம்" என்ற புகாரும் "அந்த மூலையில் ஒன்றுமே நடப்பதில்லை, போர் அடிக்கிறது" என்ற புகாரும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வரும், எதிரெதிராகவும் தோன்றும். இரண்டுக்கும் வேர் ஒற்றை வாசல்தான். போனஸையும் பிரதேசத்தையும் நியூட்ரலையும் எப்படி மாற்றினாலும் அந்த வேர் அங்கேயே இருக்கும்.

எங்கே திறப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆட்டக்காரர்கள் முதலில் சொல்வது கிழக்கு ஆஸ்திரேலியாவையும் அர்ஜென்டினாவையும் பசிபிக் வழியாக இணைப்பது. வேண்டாம். அர்ஜென்டினா இதுவரை உள்நாடு. அது வாசலானால் தென் அமெரிக்கா மூன்று வாசலைக் காத்து 2 போனஸ் பெற வேண்டும். நடுத்தரக் கண்டத்தை மோசமான கண்டம் ஆக்கிவிடுவோம். மடகாஸ்கரையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் இணைப்பது பார்க்க அழகு, நேர்க்கோடு போல வரும். ஆனால் மடகாஸ்கரும் உள்நாடுதான், ஆப்பிரிக்காவுக்கு நான்காவது வாசல் வந்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்கா அப்படியல்ல. மத்திய கிழக்கோடு ஏற்கெனவே ஒட்டியிருப்பதால் அது முன்பே வாசல். அங்கிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு இந்தியப் பெருங்கடல் வழியே கோடு போட்டால் ஆப்பிரிக்காவின் வாசல் எண்ணிக்கை மூன்றிலேயே நிற்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் இரண்டாகிறது, வாசலுக்கு 1 படை, தென் அமெரிக்காவுக்குச் சரிசமம். உள்ளே இருப்பவருக்கும் ஆசியா என்ற புதைகுழியைத் தவிர, 3 போனஸ் உள்ள ஆப்பிரிக்காவை நோக்கி ஒரு வழி கிடைக்கிறது. பிரதேச எண்ணிக்கை 42-லேயே இருப்பதால் பங்கீட்டுக் கணக்கு எதுவும் குலையவில்லை.

குறை இல்லாமலில்லை. மூன்று பிரதேசம் ஒருவருக்கே விழும் அந்த 27 சதவீதம் அப்படியேதான் இருக்கும். ஆனால் விழுந்தாலும் இனி அவர் இரண்டு பக்கம் காக்க வேண்டும், அடிக்கக்கூடியவர்கள் இரண்டு பக்கம் இருப்பார்கள். மூவர் ஆட்டத்தில் இது பெரிய வித்தியாசம்.

இன்னொரு குறை கண்ணுக்கானது. கடல் தாண்டிய நீண்ட கோட்டைப் புதியவர்கள் கவனிக்க மாட்டார்கள். அலாஸ்காவும் கம்சட்காவும் மேப்பின் இரண்டு ஓரங்களில் கிடந்தாலும் ஒட்டியவை என்பது தெரியாமல், பாதுகாப்பான மூலை என்று நினைத்து ஒற்றைப் படையை விட்டுவைத்து அடிவாங்கியவர்கள் எத்தனையோ பேர். புதுக் கோட்டைக் கடல் நிறத்திலிருந்து தெளிவாகப் பிரியும் நிறத்தில், இரு முனையிலும் பிரதேசப் பெயருக்குப் பக்கத்தில் தொட்டு முடியும்படி வரைய வேண்டும். சோதனை ஆட்டத்தில் யாராவது "இது ரெண்டும் ஒட்டுமா?" என்று கேட்டால், போனஸ் பற்றிய பத்துக் கருத்துகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

வாசலைத் திறந்த பிறகு அடுத்த புகார் எங்கிருந்து வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடலாம்: ஆப்பிரிக்காவிலிருந்து. வாசல் மூன்றுதான் என்றாலும் வெளியே ஒட்டியிருக்கும் எதிரிப் பிரதேசங்கள் நான்கிலிருந்து ஐந்தாகிவிட்டன. "ஆப்பிரிக்காவுக்கு 4 கொடுங்க" என்பார்கள். கொடுக்கலாம், ஆனால் உடனே வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். வாசலை மட்டும் மாற்றி மூவர் ஆட்டங்கள் போதுமான அளவு முடியட்டும். அப்போதும் ஆப்பிரிக்காவை ஒருவரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்றால் 3-ஐ 4 ஆக்குங்கள்.